மரவள்ளி நாற்று ஏன் மஞ்சளாகிறது?

பாயசத்தில் மிதக்கும் ஜவ்வரிசி ஏதோ ஒரு செடியில் மணி மணியாகக் காய்க்கிறது என்று கல்லூரிக்கு வந்த பிறகும் நம்புகிறவர்கள் உண்டு. அது மரவள்ளிக் கிழங்கு மாவு. கிழங்கை அரைத்து, பாலை வடித்து, அடியில் படிந்த மாவைக் குலுக்கி உருண்டையாக்கி, வறுத்துக் காயவைத்தால் ஜவ்வரிசி. இரண்டாம் உலகப் போரில் மலேயா பக்கமிருந்து வந்துகொண்டிருந்த சேகோ நின்றுபோக, 1943-ல் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் என்ற வியாபாரி மரவள்ளி மாவில் அதைச் செய்யத் தொடங்கினார். 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆத்தூர், ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு சேகோ பேக்டரி வாசனையை யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை.

இந்தக் கிழங்குக்கு விவசாயி விதை போடுவதில்லை. போன வருஷச் செடியின் தண்டை வெட்டி நடுகிறார். ஊரில் அதற்குப் பெயர் குச்சி, விவசாயக் கல்லூரிப் புத்தகத்தில் கரணை. கிழங்கையே குச்சிக்கிழங்கு என்று சொல்கிற ஊர்களும் உண்டு. அப்படி வளரும் ஒவ்வொரு செடியும் தாய்ச்செடியின் அச்சு அசல் நகல். 1996-ல் டாலி ஆடு பிறந்தபோது உலகமே ஆச்சரியப்பட்டது, ராசிபுரத்தில் தாத்தா காலத்திலிருந்தே குளோனிங் நடந்துகொண்டிருந்தது!

நகலில் ஒரு சிக்கல் இருக்கிறது. தாயிடம் இருந்த மகசூல் வருவது போலவே தாயிடம் இருந்த வியாதியும் கூடவே வரும்.

ராசிபுரம் பக்கத்து கிராமம் ஒன்றில் டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த ஒரு பையன், 2023 மாசியில் முதல் முறையாகக் குழித்தட்டில் மரவள்ளி நாற்று போட்டான். வழக்கமாக 8 முதல் 10 கணு உள்ள ஒரு சாண் குச்சியை நேராக வயலில் நட்டுவிடுவார்கள். திருவனந்தபுரத்தில் இருக்கும் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் சொல்லிக்கொடுக்கும் முறை வேறு. குச்சியை இரண்டு கணு துண்டுகளாக வெட்டி, நிழல்வலைக்குள் முளைக்கவைத்து, மூன்று நான்கு வாரம் கழித்து வயலுக்குக் கொண்டுபோக வேண்டும். பழைய முறையில் ஒரு செடியின் தண்டிலிருந்து சுமார் 10 செடி என்றால் இதில் 60 வரை எடுக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. அவன் 50 குழி உள்ள தட்டு இருபது வாங்கி, தென்னை நார்க்கழிவை நிரப்பி, ஆயிரம் துண்டு வைத்தான். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர். அவரிடம் கெஞ்சி அதில் ஒரு மூலையை வாங்கியிருந்தான்.

மூன்றாவது வாரம் தட்டைப் பார்த்தால் பரிதாபமாக இருந்தது. 130 குழியில் ஒன்றுமே வரவில்லை. வந்ததில் பாதி மஞ்சள். சிலது நூல் மாதிரி ஒல்லியாக நீண்டு சாய்ந்து கிடந்தது, சிலதில் இலை சுருண்டிருந்தது. முதல் முறை செய்கிற எல்லோரும் செய்வதையே அவனும் செய்தான். உரக்கடைக்குப் போய் "மஞ்சளா இருக்குங்ண்ணா, என்ன அடிக்கலாம்?" என்று கேட்டான். கடைக்காரர் மூன்று பாட்டில் கொடுத்தார். மூன்றையும் அடித்தான். ஒரு மாற்றமும் இல்லை.

மஞ்சள் என்பது ஒரு வியாதியின் பெயரே இல்லை, காய்ச்சல் மாதிரி அது வெறும் அடையாளம். காய்ச்சலுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். எந்த இலை மஞ்சள், இலையின் எந்த இடம் மஞ்சள், இலையின் வடிவம் கெட்டிருக்கிறதா என்று மூன்று கேள்வி கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும்.

அடி இலை மட்டும் சீராக வெளிறி, மேல் இலை பச்சையாக இருந்தால் அது தழைச்சத்துப் பசி. நார்க்கழிவில் சொந்தமாகச் சத்து அதிகம் கிடையாது. குச்சியில் இருக்கும் சேமிப்பு தீர்ந்ததும் நாற்றுக்குப் பசிக்க ஆரம்பிக்கும், இரண்டு கணு துண்டில் சேமிப்பே கொஞ்சம்தான். இதற்கு நேர் எதிராக, கொழுந்து இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. சேலம் நாமக்கல் பக்கம் சுண்ணாம்பு மண் பல இடங்களில் உண்டு, போர் தண்ணீரும் பல ஊரில் உப்பு. அந்தத் தண்ணீரை ஊற்ற ஊற்ற தட்டின் விளிம்பில் வெள்ளையாகப் பூக்கும். வேர்ப்பகுதியில் இரும்பு இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது. அன்னபேதி உப்பை நீர்க்கக் கரைத்துத் தெளித்தால் புதிதாக வரும் இலை பச்சை கட்டும். நூல் மாதிரி நீண்ட நாற்றுக்கு வெளிச்சம் போதவில்லை. வெயிலுக்குப் பயந்து அவன் பாதித் தட்டை ஓலைக் கொட்டகைக்குள் வைத்திருந்தான்! மரவள்ளி வெயிலில் பிறந்த பயிர். அதற்கு வேண்டியது நிழல்வலையின் அரை நிழல், இருட்டு இல்லை.

முளைக்காத 130-ஐ அவன் பிடுங்கிப் பார்த்தான். கொஞ்சம் அழுகியிருந்தது, காரணம் தண்ணீர் அதிகம். மிச்சம் காய்ந்த குச்சி. நல்ல குச்சியை வெட்டினால் உடனே பால் கசியும், கசியவில்லை என்றால் அதை நடுவது வீண். ஒரு சில தலைகீழாக வைத்தவை. (சிரிக்க வேண்டாம். இரண்டு கணு துண்டில் தலை எது கால் எது என்று கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபமில்லை. இலை விழுந்த தழும்புக்கு மேலேதான் மொட்டு இருக்கும், அதைப் பார்த்து வைக்க வேண்டும்.) அரிவாளால் வெட்டி நுனி நசுங்கியதும் உண்டு. ஆக்சா பிளேடால் அறுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் வளர்ப்பில் வந்த குறை. தட்டை வெளிச்சத்துக்கு மாற்றி, தண்ணீரைக் குறைத்து, சத்து கொடுத்ததும் பத்து நாளில் பெரும்பாலானவை தேறின.

தேறாத 210 நாற்றுதான் உண்மையான பிரச்சினை. அவற்றின் மஞ்சள் சீராக இல்லை. பச்சைக்கு நடுவே திட்டுத் திட்டாக, ஒழுங்கில்லாத கண்டங்களாக இருந்தது. இலையின் ஒரு விரல் நீளம், பக்கத்து விரல் குட்டை. ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு கோணலாக நின்றது. பசியால் வரும் மஞ்சள் இலையின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், கோணல் இருக்காது. இது தேமல் நோய், வைரஸ். எந்த பாட்டிலும் இதைக் குணப்படுத்தாது.

மரவள்ளித் தேமலை 1894-லேயே கிழக்கு ஆப்பிரிக்காவில் வார்பர்க் என்ற ஜெர்மானியர் எழுதிவைத்திருக்கிறார். நம் பக்கம் இதைக் கொடுப்பவை இரண்டு வைரஸ்கள், இந்திய மரவள்ளித் தேமல் வைரஸ், இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ். பெயரில்தான் இலங்கை, தமிழ்நாட்டு வயல்களில் அதிகம் இருப்பது இதுதான். 2015-ல் கம்போடியாவில் கண்டார்கள், 2018-ல் தாய்லாந்தில். பரவ இரண்டு வழி. ஒன்று வெள்ளை ஈ, இன்னொன்று மனிதன். ஈ பக்கத்து வயலுக்குக் கொண்டுபோகும், மனிதன் குச்சிக்கட்டை லாரியில் ஏற்றி அடுத்த மாவட்டத்துக்கே கொண்டுபோவான்.

எந்த வழியில் வந்தது என்பதைச் செடியே காட்டிக்கொடுக்கும் என்பதுதான் இதில் சுவாரசியமான விஷயம். வைரஸ் குச்சியிலேயே இருந்தால் முளைக்கும் முதல் இலையிலிருந்தே தேமல் தெரியும். ஈ கடித்து வந்தால் அடி இலைகள் சுத்தமாக இருக்கும், அதற்குப் பிறகு வந்த மேல் இலைகளில் மட்டும் தேமல் இருக்கும். மகசூல் இழப்பும் ஒன்றல்ல. குச்சியோடு வந்தது முதல் நாளிலிருந்து செடியைத் தின்கிறது. நடுவில் ஈ கொடுத்தது அவ்வளவு கெடுப்பதில்லை. அவனுடைய 210 நாற்றிலும் முதல் இலையே கோணல். அதாவது அவன் நாற்றங்காலில் செய்த தப்பு எதுவும் இதற்குக் காரணமில்லை. குச்சி வெட்டிய அன்றே இது முடிவாகிவிட்டது.

பிடுங்கி எறியலாம் என்றதும் அப்பாவுக்குக் கோபம் வந்தது. "ஏங்கண்ணு, எல்லார் காட்டுலயும் இந்தத் தேமல் இருக்குது. நாப்பது வருசமா கிழங்கு எடுத்துக்கிட்டுத்தான இருக்கறோம்?"

அவர் சொன்னது பொய்யில்லை. இந்தப் பக்கம் பரவலாகப் பயிராகும் எச்-226 போன்ற ரகங்கள் தேமலைத் தாங்கிக்கொண்டு கிழங்கு வைப்பவை. அந்தத் தாங்கும் குணம்தான் வியாதியையும் காப்பாற்றுகிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை. செடி செத்துப்போனால் விவசாயி அந்தக் குச்சியை நடமாட்டார். சாகாமல் சுமாராக விளைகிறது, எனவே அடுத்த வருஷமும் அதே குச்சி. குச்சியும் சொந்தக் காட்டிலோ பக்கத்துக் காட்டிலோ சும்மா கிடைக்கிறது. விலை கொடுத்து வாங்காத பொருளை யாரும் தரம் பார்ப்பதில்லை. இழப்பும் கண்ணுக்குத் தெரிவதில்லை. பேக்டரியில் கிழங்குக்கு விலை மாவுச்சத்துப் பாயிண்டை வைத்துத்தான். எடையிலும் பாயிண்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் "இந்த வருசம் மழை சரியில்லை" என்று சொல்லிக்கொள்ளலாம்.

இன்னொரு பெரிய ஓட்டை இருக்கிறது. குச்சியைத் தேர்ந்தெடுப்பது அறுவடை அன்று. அப்போது செடியில் இலை பாதிக்கு மேல் உதிர்ந்திருக்கும். கோடை வெயிலில் தேமலும் மங்கிவிடும். இலையில்லாத குச்சிக் குவியலில் நோயுள்ளது எது, இல்லாதது எது என்று விஞ்ஞானி வந்தாலும் கண்ணால் சொல்ல முடியாது. சாட்சி எல்லாம் உதிர்ந்த பிறகு விசாரணை நடத்துகிற மாதிரிதான். பையன் குச்சி எடுத்ததும் இப்படி ஒரு குவியலிலிருந்துதான்.

கடைசியில் 210-ஐயும் பிடுங்கித் தீயில் போட்டான், அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மிச்சம் 660 நாற்று. மூன்றடி இடைவெளியில் நட்டால் 13 சென்ட்டுக்குச் சற்று அதிகமாகத்தான் வரும். ஆயிரம் துண்டில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று பார்த்தால் நஷ்டம். ஆனால் இதே குச்சிகளை நேராக வயலில் நட்டிருந்தால் அந்த 210-ம் பத்து மாதம் தண்ணீரும் உரமும் வாங்கிக்கொண்டு, வெள்ளை ஈக்கு விருந்து வைத்துக்கொண்டு நின்றிருக்கும். நாற்றங்கால் என்பது நாற்று வளர்க்கிற இடம் என்பதைவிட வடிகட்டுகிற இடம். கிழங்கு ஆராய்ச்சி நிலையம் முழு நீளக் குச்சிக்குக்கூட இதைச் செய்யச் சொல்கிறது. நாலு சென்டிமீட்டர் இடைவெளியில் நெருக்கமாக நட்டு, தேமல் காட்டுவதைக் களைந்து, 20 முதல் 25 நாளில் மிச்சத்தை வயலுக்கு மாற்றுவது. அதிகச் செலவில்லை, வேண்டியது பிடுங்கி எறிகிற மனசுதான். அப்பாவிடம் இல்லாததும் அதுதான், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

நட்ட பிறகு மாவுப்பூச்சி பயம் வேறு வந்தது. 2020-ல் திருச்சூரில் கண்டுபிடிக்கப்பட்டு சேலம், நாமக்கல் வரை வந்த மரவள்ளி மாவுப்பூச்சியும் குச்சியில் ஒட்டிக்கொண்டு பயணம் செய்வதுதான். நுனி இலைகள் குட்டையாகிக் கொத்துக் கொத்தாக முடிச்சுப் போட்ட மாதிரி ஆகிவிடும். அதைத் தின்னும் அனகைரஸ் லோபெசி என்ற சின்னக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதலில் விட்டார்கள். (இதே குளவிதான் 1980-களில் ஆப்பிரிக்க மரவள்ளியைக் காப்பாற்றியது. அந்த வேலைக்காக ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.) மாவுப்பூச்சிக்குக் குளவி இருக்கிறது. குச்சிக்குள் இருக்கும் வைரஸுக்கு அப்படி ஒரு குளவி இல்லை. ஸ்ரீ ரக்ஷா போன்ற எதிர்ப்பு ரகங்கள் வந்திருக்கின்றன, ஆனால் எந்தப் புது ரகமும் ஒரு ஊர் முழுக்கப் பரவ வருஷக்கணக்கில் ஆகும். மரவள்ளி அவ்வளவு மெதுவாகத்தான் பெருகும்.

ஆடி கழிந்து வெயில் தணிந்ததும் அந்த 13 சென்ட்டிலும் தேமல் தெரிந்தது. அப்பா காட்டுக்கு வந்து பார்த்து, "சொன்னேன்ல?" என்றார். பையன் குனிந்து அடி இலைகளைக் காட்டினான், சுத்தம். மேலே மட்டும்தான் திட்டு. சுற்றிலும் இருக்கும் காட்டிலிருந்து ஈ கொண்டுவந்தது. எல்லாச் செடிக்கும் வரவுமில்லை. புரட்டாசி, ஐப்பசியில் இலை நிறைய இருக்கும்போதே வரிசை வரிசையாகப் போய், மேலிருந்து கீழ்வரை ஒரு திட்டு கூட இல்லாத செடிகளுக்குப் பழைய சிவப்புப் புடவையைக் கிழித்து முடிச்சுப் போட்டான். 240 செடி தேறியது. தை அறுவடையில் அந்தக் குச்சிகளை மட்டும் தனியாகக் கட்டி, மாமர நிழலில் செங்குத்தாக நிறுத்திவைத்தான்.

மற்ற குச்சிகளை வழக்கம்போலப் பக்கத்துக் காட்டுக்காரர் கேட்டார். அப்பா அவருக்கு அடுப்புக்குத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார். முடிச்சுப் போட்ட கட்டில் கை வைக்க விடவில்லை.