நடுக்கடலில் மார்கழி

மனைவி ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியை. கணவர் ராஜபாளையத்து நூற்பாலையில் ஸ்பின்னிங் மேஸ்திரியாக இருந்தவர். தெருவில் இன்றும் அவர்கள் டீச்சரும் மேஸ்திரியும்தான். மும்பையில் கப்பலேறி, ஆப்பிரிக்காவைச் சுற்றி லிஸ்பன் வரை போகும் நெடும்பயணத்துக்கு இருவரும் கிளம்பினார்கள். 2023 நவம்பர் முதல் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு வந்ததால், பல பயணக் கப்பல்கள் நன்னம்பிக்கை முனைப் பக்கம் திரும்பின. இதுவும் அந்த வழிதான். டீச்சரின் நாட்குறிப்பில் ஆங்கிலத் தேதி கிடையாது. ஆண்டாள் ஊர்க்காரருக்கு அது மார்கழி மாதம். காலையில் அன்றைய திருப்பாவைப் பாசுரம், இரவில் அன்றைய குறிப்பு என்று வைத்துக்கொண்டார்.

மார்கழி 2, மும்பை

அறைக்குள் நுழைந்ததும் டீச்சர் பெட்டிகளைக் காலி செய்து கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார். பெட்டியிலிருந்தே எடுத்து உடுத்திக்கொண்டிருந்தால் கடைசிவரை விருந்தாளியாகவே இருக்க வேண்டியதுதான் என்பது அவர் எண்ணம். அறைச் சுவர் இரும்புத் தகடு என்று யாரோ சொல்லியிருந்ததால் மேஸ்திரி ஊரிலிருந்தே காந்தக் கொக்கிகள் வாங்கி வந்திருந்தார். ஒன்றில் தினசரிக் காலண்டர், ஒன்றில் துண்டு, ஒன்றில் மாத்திரைப் பை. கால்மணி நேரத்தில் அறை வீடாகிவிட்டது.

இஸ்திரிப் பெட்டியும் தண்ணீர் சுடவைக்கும் காயிலும் அறையில் கூடாது. நடுக்கடலில் தீப்பிடித்தால் ஓடி இறங்க இடமில்லை.

கிளம்புமுன் சங்கு ஏழு முறை சுருக்கமாக ஒலித்து, எட்டாவதாக நீண்டது. ஆபத்துக்காலப் பயிற்சி அது; எல்லோரும் அவரவர்க்குக் குறித்த இடத்தில் கூட வேண்டும். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா பயணக் கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்றுதான் ஏறிய நூற்றுக்கணக்கானோருக்கு இந்தப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. புறப்படுமுன்போ புறப்பட்டவுடனோ பயிற்சி நடந்தே தீர வேண்டும் என்ற விதி 2015 முதல் நடப்புக்கு வந்தது. மேஸ்திரி தங்கள் உயிர்காப்புப் படகின் எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

மார்கழி 3, அரபிக்கடல்

பாசுரம் சொல்ல முடியவில்லை. எழுந்தால் கிறுகிறுப்பு, படுத்தால் குமட்டல். உள்காது ‘ஆடுகிறோம்’ என்கிறது. அறைச் சுவரைப் பார்க்கும் கண் ‘இல்லை’ என்கிறது. இரண்டுக்கும் நடுவில் மூளை தவிக்கிறது. அறையைச் சுத்தம் செய்ய வந்த தூத்துக்குடிப் பையன் பார்த்தவுடன் புரிந்துகொண்டான்.

“அம்மா, வெறும் வயித்தோட இருக்காதீங்க. ரெண்டு ரொட்டியாச்சும் கடிங்க. கீழ்த்தளத்துல நடுவுல போய் உக்காந்து, ஜன்னல் வழியா தூரத்துல கடல் முடியுற கோட்டையே பாருங்க. அங்கதான் ஆட்டம் கம்மி.”

இஞ்சி மொரப்பாவை வாயில் ஒதுக்கிக்கொண்டு டீச்சர் அப்படியே செய்தார். சாயங்காலம் மோர்சாதம் இறங்கியது. 1914 மார்ச் 17 அன்று சென்னையில் ‘நெவாசா’ கப்பல் ஏறிய கணிதமேதை ராமானுஜனும் முதல் சில நாட்கள் இப்படித்தான் துவண்டு கிடந்தார். பிறகு தேறி, ஏப்ரல் 14 அன்று லண்டன் போய்ச் சேர்ந்தார். மேஸ்திரிக்கோ ஒன்றுமே இல்லை. முப்பது வருஷம் ஸ்பின்டில் இரைச்சலில் நின்றவர், எஞ்சின் அதிர்வில் அயர்ந்து தூங்கினார்.

மார்கழி 5, அரபிக்கடல்

மும்பைக்கும் அடுத்து நிற்கப்போகும் செஷல்ஸ் தீவுகளுக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம். கப்பலில் அதை இரவுகளில் பிரித்துப் பிரித்துக் கழிக்கிறார்கள். டீச்சரின் உடம்பு மட்டும் ஊர் நேரத்திலேயே நிற்கிறது. நாலரைக்கு எழுந்தால் கப்பல் கடிகாரம் மூன்று காட்டுகிறது. அந்த நேரத்தில் தளத்தில் ஆள் இல்லை. கைப்பிடிக் கம்பியில் விரலை ஓட்டினால் உப்பு மாவாக ஒட்டுகிறது. ரத வீதிகளைச் சுற்றிப் பழகிய கால்கள் மேல்தளத்தைச் சுற்றத் தொடங்கின. பாசுரம் முடியும்போது நடையும் முடிகிறது.

இங்கே கிழமை மறந்துபோகும். அதற்காகவே லிஃப்டின் தரைவிரிப்பில் கிழமையின் பெயர் பொறித்து, நள்ளிரவில் மாற்றிவிடுகிறார்கள். மறுநாள் நிகழ்ச்சிகள் அச்சிட்ட தாள் இரவே அறைக்கு வந்துவிடும். முதலில் எல்லாவற்றுக்கும் ஓடினார்கள். இப்போது டீச்சர் இரண்டை மட்டும் பென்சிலால் வட்டமிடுகிறார்: பதினொரு மணிச் சொற்பொழிவு, சாயங்கால வயலின்.

மேஸ்திரியின் ஆர்வம் தண்ணீரில். ராஜபாளையத்துக்கு ஆறாவது மைல் நீர்த்தேக்கத்திலிருந்து குடிநீர் வருகிறது. இங்கே கடல்நீரை எஞ்சின் வெப்பத்தில் காய்ச்சி வடித்தும், சவ்வுகள் வழியாக அழுத்தி வடிகட்டியும் எடுக்கிறார்கள். உப்பு நீங்கும்போது தாதுக்களும் போய்விடுவதால் அவற்றைத் திரும்பச் சேர்க்கிறார்கள். குடித்துப் பார்த்து, “குத்தமில்ல” என்றார்.

மார்கழி 6, நிலநடுக்கோடு

கோட்டை முதன்முறை தாண்டுகிறவர்களைக் கடலரசன் வேடமிட்டவர் முன்னிலையில் நனைப்பது மாலுமிகளின் பழைய வழக்கம். இங்கே தலையில் ஐஸ் தண்ணீர். மேஸ்திரி வரிசையில் முதலில் நின்றார். டீச்சர் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டார். ஊரிலிருந்து கொண்டுவந்த பால்கோவா இன்றோடு தீர்ந்தது. கடைசித் துண்டு தூத்துக்குடிப் பையனுக்கு. “ஸ்ரீவில்லிபுத்தூர் சரக்கா!” என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஊருக்கு இனி அவன் நான்கு மாதம் கழித்துத்தான் போவான்.

மார்கழி 7, விக்டோரியா, செஷல்ஸ்

கப்பலில் கொடுத்த ஆப்பிளைக்கூடக் கரைக்குக் கொண்டுபோகக் கூடாது. பழத்தோடு வரும் பூச்சி ஒரு தீவின் விவசாயத்தையே அழித்துவிடக்கூடும். நகரின் நடுவில் 1992-இல் கட்டிய நவசக்தி விநாயகர் கோயில், தென்னாட்டுக் கோபுரத்தோடு நிற்கிறது. நான்கு நாள் தண்ணீரையே பார்த்த பிறகு கல்தரையில் நிற்கையில் தரைதான் ஆடியது.

மார்கழி 10, போர்ட் லூயி

மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருப்பதை டீச்சர் வகுப்பில் சொல்லியிருக்கிறார். இன்று கையில் வைத்துப் பார்த்தார். 1998-இல் வந்த நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது அங்குள்ள தமிழர்கள் எதிர்த்தார்கள். நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையில் மறுபடி அச்சிட்டார்கள்.

துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே ஆப்ரவாசி காட். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் இறங்கிய கரை இது. 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கல்படிகள் முன் டீச்சர் வெகுநேரம் நின்றார். சோற்றுக்கு வழிதேடி வந்தவர்கள் ஏறிய படிகள் அவை.

மார்கழி 12, மடகாஸ்கருக்குத் தெற்கே

சாப்பாட்டு மேசை இப்போது பழகிவிட்டது. முதல் இரவே பரிமாறுகிறவரிடம் “மீன், முட்டை, இறைச்சிச் சாறு எதுவும் கூடாது” என்று டீச்சர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மறுநாள் உணவுப் பட்டியலை முந்தின இரவே காட்டிக் கேட்கிறார்கள். 1888 செப்டம்பரில் பம்பாயிலிருந்து லண்டன் போன காந்தி, எந்தப் பண்டத்தில் இறைச்சி இல்லை என்று கேட்கக் கூச்சப்பட்டு, கொண்டுபோன இனிப்பையும் பழத்தையும் அறையிலேயே தின்று நாளைக் கழித்தார். டீச்சரின் பருப்புப்பொடிப் புட்டி இப்போது மேசையில் எல்லோருக்கும் பொது. எதிரே உட்காரும் ஸ்காட்லாந்து மூதாட்டி அதை வெண்ணெய் ரொட்டியில் தூவிக்கொள்கிறார்.

இன்டர்நெட்டுக்குத் தனிக் காசு. வாரம் ஒருமுறை பேரனோடு பேசுவது, மற்ற நாள் போனை அணைத்துவைப்பது என்று முடிவாயிற்று. முதலில் கை தேடியது, பிறகு விட்டுவிட்டது. கவனம் சிதறாத கடல்நாட்களில் புது எண்ணங்கள் வரும். 1937 அக்டோபர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோதுதான் பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியாருக்குக் காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் தோன்றியது. பதினொரு மணிச் சொற்பொழிவு முடிந்ததும் டீச்சர் இதை எடுத்துச் சொன்னார். ஒரு நாள் அவரையே அரைமணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

மார்கழி 15, டர்பன்

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய ‘ட்ரூரோ’ நவம்பர் 16 அன்று 342 பேரை இந்தக் கரையில் இறக்கியது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த முதல் தொகுதி அது. ஒரு மாதத்துக்கு மேல் கடல். அந்தக் கூலிகளின் பயணத்தையும் தங்கள் பயணத்தையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடாது என்று டீச்சர் எழுதி, அடியில் கோடிட்டிருக்கிறார். அவர்கள் கப்பலில் வாழப் பழகியது வேறு வழியில்லாமல்.

மார்கழி 27, அட்லாண்டிக்

இன்று கூடாரவல்லி, திருப்பாவையின் இருபத்தேழாம் பாசுர நாள். ஊரில் இருந்தால் வெல்லம் போட்ட அக்காரவடிசில். ஒரு வாரம் முன்பே டீச்சர் தலைமைச் சமையல்காரரிடம் கேட்டார். கோவாக்காரரான அவர் அந்தப் பேரையே கேள்விப்பட்டதில்லை. செய்முறையை எழுதித் தரச் சொன்னார். டர்பனில் வாங்கிய வெல்லத்தை அவர் ஏற்கவில்லை. வெளிப்பொருள் கப்பல் அடுக்களைக்குள் போகாது என்பது விதி. அங்கிருந்த பழுப்புச் சர்க்கரையை வைத்தே செய்யச் சம்மதித்தார்.

பச்சரிசியும் கொஞ்சம் பாசிப்பருப்பும் பாலிலேயே குழைய வெந்து, நெய் மிதக்கப் பகல் சாப்பாட்டுக்கு வந்தது. காலையில் டீச்சர் சொற்பொழிவு அறையில் ஆண்டாளைப் பற்றிப் பேசியிருந்ததால், அந்தக் கூட்டம் முழுக்க மேசையைச் சுற்றி நின்றது. மேஸ்திரி ஒரு வாய் போட்டுக்கொண்டு, “வெல்ல வாசனைதான் இல்ல, மத்ததெல்லாம் சரி” என்றார். ஸ்காட்லாந்து மூதாட்டி செய்முறைத் தாளைக் கேட்டு வாங்கினார். தூத்துக்குடிப் பையன் வேலை முடிந்து வரும்வரை ஒரு கிண்ணம் மூடியே இருந்தது.