வில்லும் வீதியும்: ஓர் அம்பிட்டியப் பயணம்

கண்டிமாநகருக்கு வருவோரிற் பெரும்பாலார் ஏரியைச் சுற்றி நடந்து, தலதா மாளிகையைக் கண்டு, பேராதனைப் பூங்காவில் அரைநாளைக் கழித்துவிட்டு, கண்டியைக் கண்டு முடித்தோம் என்ற மனநிறைவோடு திரும்பிவிடுகின்றனர். ஏரியின் கீழ்க்கோடியிலிருந்து தென்கிழக்காக ஏறிச்செல்லும் வீதியை அவர்களுள் நாடுவோர் சிலரே. அவ்வீதி இட்டுச்செல்லும் ஊரே அம்பிட்டிய. நகரத்தின் ஆரவாரம் முதுகுக்குப் பின்னே அடங்கிவிட, பலாவும் கமுகும் கராம்பும் சாதிக்காயும் நெருங்கி நிற்கும் வீட்டுத் தோட்டங்களுக்கிடையே வளைந்து செல்லும் இவ்வூர், அமைதியை விரும்புவோருக்கு நல்லதோர் உறைவிடமாகும்.

கண்டி ஏரியை வெட்டுவித்தவன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். அது 1807 ஆம் ஆண்டில் நடந்தது. நாயக்கர் மரபில் வந்த அம்மன்னனே கண்டி இராச்சியத்தின் கடைசி அரசன். 1815 இல் ஆங்கிலேயரிடம் அரசை இழந்து, வேலூர்க் கோட்டையிற் சிறையிருந்து, 1832 இல் அங்கேயே உயிர்நீத்தான். நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. அம்பிட்டியவோ அதற்கும் மேலே மலைச்சரிவைப் பற்றிக்கொண்டு கிடக்கின்றது.

இவ்வூரின் பெயரை உலகம் அறியச் செய்தது அங்குள்ள குருமடம். பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ 1893 இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுவாக நிறுவிய குருமடம் இங்கேதான் இருந்தது. 1955 இல் அது பூனா நகருக்கு மாற்றப்பட்டபின், அவ்விடம் இலங்கையின் தேசிய குருமடமாயிற்று. தமிழ்நாட்டிலிருந்தும் மலையாள நாட்டிலிருந்தும் கடல் கடந்து வந்த இளைஞர்கள் இம்மலையிற் கல்வி கற்றுச் சென்றனர் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி.

மலையும் வழியும்

மலைநாட்டின் வரலாறு ஒருவகையில் வீதிகளின் வரலாறேயாகும். கொழும்பிலிருந்து கண்டிக்கு வண்டிப் பாதை அமைக்கும் பணி தேசாதிபதி எட்வேர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820களில் நடைபெற்றது. அப்பணியை முன்னின்று நடத்திய கப்டன் டோசன் என்ற பொறியியலாளரின் நினைவாக 1832 இல் எழுப்பப்பட்ட கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கின்றது. அம்பிட்டியவைக் கடந்து செல்லும் வீதிக்கும் ஒரு பெருமை உண்டு. அது தலாத்து ஓயாவுக்கும், அப்பால் ஹேவாஹெட்டைப் பகுதிக்கும் செல்கின்றது. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டு, இலங்கையின் தேயிலைத் தொழிலுக்கு அடிகோலிய லூல்கந்துரைத் தோட்டம் அப்பக்கத்தில்தான் இருக்கின்றது.

அத்தோட்டங்களுக்கு உழைக்க வந்த நம் தமிழ் மக்கள் மன்னார்க் கரையிலிருந்து காடும் மேடும் கடந்து கால்நடையாகவே வந்தனர். அவர்களுடைய பாதங்களுக்கும் பாதையின் கற்களுக்கும் இடையே தோலொன்றும் இருக்கவில்லை. இன்று நாம் மோட்டார் வண்டியில் மெத்தென அமர்ந்து அதே மலைகளை ஏறுகின்றோம். நமக்கும் கற்களுக்கும் இடையே நின்று, நமக்காக அடிபடுவது எது என்று ஒருகணம் எண்ணிப் பார்த்தோமா? அது வண்டியின் அடியிற் கண்ணிற் படாமல் இருக்கும் வில்.

வில்லின் கதை

கல்லூரி மாணவர்களுக்கு றொபேட் ஹூக் என்ற அறிஞரின் பெயர் தெரிந்திருக்கும். வில்லை எவ்வளவு இழுக்கின்றோமோ அவ்வளவுக்கு அது எதிர்த்து நிற்கும் என்ற விதியை அவர் 1678 இல் விளக்கி வெளியிட்டார். இவ்விதியே நமது வண்டிகளைத் தாங்குகின்றது. குதிரை வண்டிக் காலத்தில், 1804 இல், ஒபதையா எலியற் என்ற ஆங்கிலேயர் தட்டு வில்களை அடுக்கி வண்டியைத் தாங்கும் முறைக்கு உரிமை பெற்றார். லொறிகளிலும் பஸ் வண்டிகளிலும் தட்டு வில்களை இன்றும் காணலாம். சிறிய கார்களில் அவற்றின் இடத்தைச் சுருள்வில் பிடித்துக்கொண்டது.

சுருள்வில் தனித்து நின்றாற் போதாது. ஒரு குழியில் இறங்கி ஏறிய வண்டி, வில்லின் துள்ளலால் நெடுநேரம் ஆடிக்கொண்டேயிருக்கும். அவ்வாட்டத்தை எண்ணெயின் தடையால் அடக்குவதே சொக் அப்சோபர் என நாம் அழைக்கும் தணிப்பான். வில் பாரத்தைத் தாங்குகின்றது; தணிப்பான் துள்ளலை அடக்குகின்றது. ஏர்ல் மக்பேர்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் இவ்விரண்டையும் ஒரே தூணில் இணைத்த அமைப்பு, 1950களின் தொடக்கத்தில் போர்ட் கொன்சல், செபர் என்னும் கார்களின் மூலம் பரவி, இன்று உலகின் சிறிய கார்களிற் பெரும்பாலானவற்றின் முன்புறத்தில் இடம்பெற்றுள்ளது.

'கொயிலோவர்' என்று இளைஞர்கள் ஆவலோடு பேசுவது இதன் உடன்பிறப்பையே. தணிப்பானின் உடலில் திருகுச்சுற்று வெட்டி, அதன்மேல் வளையமொன்றைப் பூட்டி, அவ்வளையத்தின்மீது சுருள்வில்லை அமர்த்தியிருப்பார்கள். வளையத்தைத் திருகினால் வண்டியின் உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். பலவற்றில் தணிப்பானின் இறுக்கத்தையும் ஒரு குமிழால் மாற்றலாம். பந்தயக் கார்களுக்கு இது பெரிதும் உதவும். நுவரெலியாவில் 1934 இல் தொடங்கிய மககஸ்தோட்டை மலையேற்றப் போட்டி போன்றவற்றில், வளைவில் வண்டி சாயாமல் நிற்பது வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும். ஆனால் வீட்டுக் காருக்கு இது ஏற்றதா என்பதே கேள்வி.

மருமகனின் ஆசை

எனது மருமகன், தமக்கையின் புதல்வன், அம்பிட்டியவில் எங்கள் தாயாருடன் வசிக்கின்றான். அவனிடம் இருப்பது பழைய டொயோட்டா கொரோலா 110. இந்நாட்டில் 2020 மார்ச்சிலிருந்து 2025 தொடக்கம் வரை தனியார் கார்களின் இறக்குமதி தடைப்பட்டிருந்தமையால், பழைய வண்டியைப் பேணிக் காப்பதே பல குடும்பங்களுக்கு வழியாயிற்று. அவனுடைய வண்டியின் நான்கு தணிப்பான்களும் எண்ணெய் கசிந்து ஓய்ந்துவிட்டன. அவற்றுக்குப் பதிலாகக் கொயிலோவர்களையே வாங்கிவிட்டான். செய்தியைத் தொலைபேசியிற் சொன்னபோது அருகிலிருந்த தாயார், "எந்தக் கோயில், தம்பி?" என்று கேட்டார்களாம்.

ஒரு சனிக்கிழமை அவனும் தேர்ந்த மெக்கானிக் ஒருவரும் பூட்டும் வேலையைச் செய்ய, யான் அருகிருந்து பார்த்தேன். வண்டியை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளில் நிறுத்திய பின்பே சக்கரங்களைக் கழற்றினார்கள். பிரேக் குழாயைத் தூணிலிருந்து விடுவித்து, கீழேயுள்ள இரண்டு பெரிய போல்ட்களையும் மேலேயுள்ள மூன்று நட்களையும் கழற்றியதும் முன்புறத்துப் பழைய தூண் கையோடு வந்தது. அதன் உச்சியிலுள்ள நடு நட்டைத் தொடவே கூடாது என்று மெக்கானிக் எச்சரித்தார். அமுங்கி நிற்கும் வில் அவிழ்ந்து பாய்ந்தால் உயிருக்கே ஆபத்தாம். புதியவற்றைப் பூட்டி, ரப்பர் புஷ்கள் உள்ள போல்ட்களை மட்டும் வண்டி தன் கால்களில் நின்ற பின்னரே இறுக்கினார்கள். உயரம் மாறினாற் சக்கரங்களின் கோணமும் மாறுமாதலால் வீல் அலைன்மன்ட் செய்வது அவசியம். முன்விளக்குகளின் நோக்கையும் சரிபார்க்க வேண்டும். இத்தகைய மாற்றங்களைச் செய்ய எண்ணுவோர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நன்று.

ஏற்றத்தில் ஒரு பரீட்சை

வண்டியை இரண்டு அங்குலம் தாழ்த்தியிருந்தான் மருமகன். பார்வைக்கு அது பதுங்கிய சிறுத்தையைப் போல் இருந்ததை மறுப்பதற்கில்லை. மறுநாட் காலை தாயாரையும் ஏற்றிக்கொண்டு கண்டியிலுள்ள கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குப் புறப்பட்டோம். எண்பது வயதைத் தாண்டிய அவர்களுக்கு முதுகெலும்பில் நோயுண்டு. மாதந்தோறும் இதே வண்டியில்தான் வைத்தியசாலைக்கும் செல்ல வேண்டும்.

வீட்டு ஒழுங்கையின் குறுக்கே மழைநீர் ஓடும் கானொன்று உண்டு. அதைக் கடக்கையில் வண்டியின் வயிறு கொங்கிறீற்றில் உராய்ந்தது. பிரதான வீதியில் மழை அரித்த குழிகள் ஒவ்வொன்றும் முதுகில் வந்து அறைந்தன. அகன்ற வளைவுகளில் மட்டும் வண்டி சாயாது, தண்டவாளத்தில் ஓடுவது போற் சென்றது. கோயில் வாசலில் தாயார் கதவைப் பற்றிக்கொண்டு மெல்ல எழுந்து, "தம்பி, வண்டி வடிவாய்த்தான் இருக்கிறது. முந்தி இதில் ஏறினேன்; இப்போது இதற்குள் இறங்குகிறேன். ஆஸ்பத்திரிக்கு நான் பஸ்ஸிலேயே போய்விடுகிறேன்" என்றார்கள். மருமகன் முகம் வாடிவிட்டது.

அன்றிரவு அவனுக்கு ஒரு சிறு கணக்குப் போட்டுக் காட்டினேன். மாணவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு சக்கரத்தின்மேல் 250 கிலோ பாரம் என்று கொள்வோம். ஒரு மில்லிமீற்றர் அமுங்க இரண்டரைக் கிலோ வேண்டும் வில், அப்பாரத்தால் 100 மில்லிமீற்றர் அமுங்கும். அத்தகைய வில்லில் நிற்கும் வண்டி நிமிடத்துக்கு ஏறத்தாழ 95 முறை ஆடும் இயல்புடையது. ஒரு மில்லிமீற்றருக்கு ஆறு கிலோ வேண்டும் வில்லோ 42 மில்லிமீற்றரே அமுங்கும். ஆட்டம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 146 முறையாகிவிடும். நிமிடத்துக்கு 60 முதல் 90 வரையான மெல்லிய ஆட்டமே மனித உடலுக்கு இதமானது. அதற்கு மேலே செல்லச் செல்ல, ஆட்டம் அதிர்ச்சியாக மாறும். மருமகன் வாங்கியவை ஆறு கிலோ வில்கள்!

"குமிழைத் தளர்த்தினால் மெதுவாகாதா, மாமா?" என்று கேட்டான். குமிழ் தணிப்பானையே மாற்றும். வில்லின் வலிமையை மாற்றாது. வலிய வில்லுக்குத் தளர்ந்த தணிப்பானைச் சேர்த்தால் வண்டி பந்துபோற் குதிக்கத் தொடங்கும்.

இதிலே சுகத்தைவிடப் பெரியதொன்று அடங்கியிருக்கின்றது. பிரேக் வண்டியை நிறுத்துவதில்லை. அது சக்கரத்தை நிறுத்துகின்றது. வண்டியை நிறுத்துவது சக்கரத்துக்கும் வீதிக்கும் உள்ள பிடிப்பு. குழிகள் நிறைந்த வீதியில், மிகக் கடினமான வில்லில் நிற்கும் சக்கரம் ஒவ்வொரு மேட்டிலும் நிலத்தைவிட்டு எழுந்துவிடும். எழுந்திருக்கும் கணத்தில் பிரேக்கும் ஸ்டியரிங்கும் பயனற்றவை. ஒருபுறம் மலைச்சுவரும் மறுபுறம் பள்ளமும் உள்ள வழியில், மழைநாளில், அவ்வொரு கணம் ஒரு குடும்பத்தின் தலைவிதியாகிவிடலாம். பந்தயத்துக்கு மழமழப்பான தார்வீதி உண்டு. அங்கே கடினமான வில் வெல்லும். நமது வீதியில் இணங்கிப் போகும் வில்லே வெல்லும்.

அளவறிந்து அமைத்தல்

கொயிலோவரின் உண்மையான சிறப்பு அதை மாற்றியமைக்கலாம் என்பதே. மருமகன் ஆறு கிலோ வில்களை விற்றுவிட்டு, நான்கு கிலோ வில்களை வாங்கிப் பூட்டினான். நமது கணக்கின்படி ஆட்டம் நிமிடத்துக்கு 120 ஆயிற்று. இது பழைய மென்மையன்று, ஆயினும் தாங்கக்கூடியது. உயரத்தை ஒன்றரை அங்குலம் மீட்டு, நால்வர் அமர்ந்து பொதிகளும் ஏறிய நிலையில், ஒழுங்கைக் கானில் உராய்கின்றதா என்று பார்த்தே வளையங்களை இறுக்கினான். தணிப்பான்களை நடுவளவில் வைத்தான்.

அதன்பின் ஒரு விடுமுறை நாளில் தாயாரோடு தலாத்து ஓயாவரை சென்றோம். குருமடத்தைக் கடந்து, மழை கழுவிய மலைச்சரிவுகளினூடே வண்டி நிதானமாகச் சென்றது. இறக்கங்களில் இரண்டாம் கியரில், பிரேக்கை மிகையாக வருத்தாமல் ஓட்டினான். வளைவுகளில் உடல் பக்கவாட்டில் சரியவில்லை. தாயார் வழியில் இருமுறை கண்ணயர்ந்தார்கள். அதைவிடச் சிறந்த நற்சான்று எந்தப் பொறியியலாளராலும் வழங்க முடியாது. அடுத்த மாதம் வைத்தியசாலைக்கும் அவ்வண்டியிலேயே சென்றார்கள்.

இதனோடு வாழ்வதிலும் சில கடமைகள் உண்டு. முதல் 500 கிலோமீற்றர் ஓடியதும் எல்லா நட்களையும் மீண்டும் பார்க்க வேண்டும். மழைக்காலச் சேறு திருகுச்சுற்றில் இறுகினால் வளையம் அசையாது. ஆகவே கழுவித் துடைத்து எண்ணெய் பூசி வைக்க வேண்டும். மேற்புறத்திலிருந்து 'கடகட' என்ற ஒலி கேட்டால் அலட்சியம் செய்யலாகாது. வாங்கும்போதே உதிரிப்பாகங்கள் தனித்தனியாகக் கிடைக்குமா என்று கேட்டறிவது அறிவுடைமை.

இளைஞர்கள் தம் வண்டியை விரும்பி அலங்கரிப்பது தவறன்று. அவ்விருப்பத்தினூடாகவே பலர் பௌதிகத்தையும் கைத்தொழிலையும் கற்கின்றனர். ஆனால் ஒரு வில்லைத் தெரிவு செய்யுமுன் இரண்டு வினாக்களுக்கு விடை காண வேண்டும்: இவ்வண்டி எவ்வீதியிற் செல்லப்போகின்றது? இதில் யார் அமரப்போகின்றார்கள்? அம்பிட்டிய வீதியின் ஏற்றத்தையும், பின்னாசனத்தில் அமரும் முதியவரின் முதுகையும் அளவுகோலாகக் கொண்டு அமைத்த வண்டி, சற்று உயரமாகத் தோன்றினாலும், மலைவழியில் நம்பத்தக்க துணையாகும்.