அடியெடுத்துக் கொடுப்பவர்

1934இல் வெளிவந்த ‘ஒன் நைட் ஆஃப் லவ்’ படத்தை முதல் தடவை சிரித்துக்கொண்டேதான் பார்த்தேன். மேரி என்ற அமெரிக்கப் பெண்ணுக்கு ஆபெரா பாட வேண்டும் என்று கனவு. வானொலிப் போட்டியில் தோற்று, இத்தாலிக்கு வருகிறாள். மான்டிவெர்டி என்ற புகழ்பெற்ற ஆசிரியர் அவளை மாணவியாக ஏற்கிறார். ஆனால் நிபந்தனை உண்டு: அவர் வைத்ததே சட்டம், காதல் என்ற பேச்சே கூடாது. காதல் வராமல் இருக்குமா? வருகிறது. பிறகு அவருடைய முன்னாள் மாணவி வருகிறாள், மேரிக்குப் பொறாமை. தன்னை வாட்டி எடுக்கும் மனிதர்மீது ஒரு பாடகிக்கு வரக்கூடிய நியாயமான கோபத்தைக்கூட இந்தப் படம் பொறாமையாக்கித்தான் காட்டுகிறது.

மேரியாக நடித்த கிரேஸ் மூருக்கு எந்த மான்டிவெர்டியும் தேவைப்படவில்லை. பிராட்வேயில் பாடியவர்; 1928லேயே நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபெராவில் ‘லா போயெம்’ நாடகத்தின் மிமியாக மேடையேறிவிட்டவர். ஆறு வருடம் கழித்து, அதே மேடையை ஓர் ஆண் கைபிடித்து அழைத்துப்போய்க் காட்ட வேண்டிய பெண்ணாகப் படத்தில் நடித்தார். ஒலிப்பதிவுக்கு ஆஸ்கர் கிடைத்தது. பதிவான குரலுக்கு உரியவர் பரிந்துரையோடு நின்றுவிட்டார்.

இவ்வளவும் தெரிந்துதான் இரண்டாம் முறை பார்த்தேன். கடைசிக் காட்சி. ‘மேடம் பட்டர்ஃபிளை’ நாடகத்தில், கணவனின் கப்பல் ஒருநாள் வரும் என்று சோ-சோ-சான் பாடும் இடம். ஆபெரா மேடையின் முன்விளிம்பில், பார்வையாளருக்குத் தெரியாதபடி ஒரு சின்னப் பெட்டி இருக்கும். பாடகர்களுக்கு அடியெடுத்துக் கொடுப்பவர் அதற்குள் உட்கார்ந்திருப்பார். மேரி தடுமாறுகிறாள். அந்தப் பெட்டிக்குள் மான்டிவெர்டி வந்திருக்கிறார். அவரைப் பார்த்ததும் அவள் குரல் எழுகிறது.

மேரிக்கு முன்னால் நான் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டேன். ‘வந்துவிடு, வந்துவிடு’ என்று மனம் அடித்துக்கொண்டது. வந்ததும் கண் கலங்கியது. வெட்கமாக இருந்தது.

கல்லூரியில் முதன்முதலாகக் கட்டுரை வாசித்தபோது, ஒவ்வொரு பத்தி முடிவிலும் முன்வரிசையில் இருந்த பேராசிரியரின் தலையசைப்பைத் தேடினேன். அவர் அசைத்தார். நல்ல மனிதர்தான். ஆனால் ஆறு மாதம் நூலகத்தில் கிடந்து எழுதியவள் நான். அன்றைக்கு எல்லோரிடமும், “எல்லாம் சார் போட்ட பிச்சை” என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். யாரும் சொல்லச் சொல்லவில்லை.

புச்சினியின் கதையில், காத்திருந்தவளிடம் கணவன் வேறொரு மனைவியோடுதான் திரும்பி வருகிறான். படம் அதுவரை போகவில்லை. காத்திருப்பை மட்டும் எடுத்துக்கொண்டது.

காட்சியைப் பின்னால் ஓட்டி, இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். நீண்ட அடிகளுக்கு முன்னால் கிரேஸ் மூர் எங்கே மூச்செடுக்கிறார் என்பதை மட்டும் கவனித்தேன். மூன்று தடவை கேட்டேன்.