ஸைடிஸின் டிக்கெட்டுகள்

மேதைக் குழந்தைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் வில்லியம் ஜேம்ஸ் ஸைடிஸை எச்சரிக்கைபோலச் சொல்லுகிறவர்கள் உண்டு. 1909இல், 11 வயதில் ஹார்வர்டில் சேர்ந்த பையன். அடுத்த ஜனவரியில் அங்கே கணிதச் சங்கத்தில் நான்கு பரிமாண உருவங்களைப் பற்றிப் பேசினான். அப்பா உளவியல்காரர்; பையன் அவருடைய கொள்கைக்கு நிரூபணம். வளர்ந்தபின் ஸைடிஸ் கணிதத்தை உதறிவிட்டுச் சில்லறைக் குமாஸ்தா வேலைகளில் ஒளிந்துகொண்டார். 1926இல் புனைபெயரில் ஒரு புத்தகம் போட்டார்: டிராம் மாறும்போது தருகிற டிக்கெட்டுகளைச் சேகரிப்பது பற்றி.

எல்லோரும் சிரிப்பது இந்த இடத்தில்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாரும் அவரிடம் கேட்காத, யாருடைய கொள்கையையும் நிரூபிக்காத காரியம் அது.

அதே 1909இல் ஹார்வர்டுக்கு வந்த இன்னொரு பையன் நார்பர்ட் வீனர். வயது 14. அவனுக்கும் கெடுபிடியான அப்பா. வெற்றியெல்லாம் அப்பாவின் பயிற்சி, தோல்வி மட்டும் தன்னுடையது என்று ஆகிப்போனதன் வலியை 1953இல் வந்த சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஆனால் அவருக்கு ஏயர் என்ற சிற்றூர்ப் பள்ளி வாய்த்தது. அங்கே தன்னைச் சிறுவனாகவே நடத்தினார்கள் என்பதைப் பிரியத்தோடு நினைவுகூர்கிறார். (நம் வீடுகளில் விருந்தாளி வந்ததும் குழந்தையைக் கூப்பிட்டு ஒப்பிக்கச் சொல்லுகிறோம். அப்போது நாம் பார்ப்பது விருந்தாளியின் முகத்தை.)

1937இல் நியூயார்க்கர் பத்திரிகை ஸைடிஸின் வாடகை அறையைப் பற்றிக் கேலியாக எழுதியது. தன்னைத் தனியாக விடும்படி வழக்குப் போட்டார். சிறுவயதில் பிரபலமாக இருந்தவர், அவர் என்ன ஆனார் என்று அறிய ஜனங்கள் விரும்புவது நியாயமே என்று 1940இல் அப்பீல் கோர்ட்டும் கைவிரித்தது. 11 வயதுப் பையனிடம் அதற்குச் சம்மதம் கேட்டது யார்? 1944இல் இறந்தபோது அவருக்கு 46.