ஹவுஸ்ஃபுல் தான்... ஆனா உள்ள யாரு?

தக்காளி கிலோ 20 ரூபா வித்தா ரெண்டு கிலோ அள்ளிட்டு வருவோம். 100 ரூபா ஆச்சுன்னா கால் கிலோவோட நிறுத்திட்டு, புளியைக் கொஞ்சம் தூக்கலாக் கரைச்சு ரசத்தை ஒப்பேத்திடுவோம். விலை ஏறினா வாங்குறது குறையும். இதைத் தெரிஞ்சுக்க எகனாமிக்ஸ் டிகிரி எல்லாம் வேண்டாம், ஒரு நடை கோயம்பேடு போயிட்டு வந்தாப் போதும்.

இந்த விதி பலிக்காத இடம் ஒண்ணை பத்து வருஷத்துக்கும் மேலா பக்கத்துல இருந்து பார்த்துட்டு இருக்கேன். இங்கிலாந்து ஃபுட்பால் மைதானங்கள். பொழைப்புக்காக மான்செஸ்டர் பக்கம் வந்து குடியேறினவன் நான். இங்க எங்க திரும்பினாலும் ஃபுட்பால் பேச்சு, அதுல பாதி டிக்கெட் விலையைப் பத்தின புலம்பல். முப்பது வருஷத்துல டிக்கெட் விலை பொதுவான விலைவாசியை விட பல மடங்கு வேகமா ஏறியிருக்கு. சரி, கூட்டம் குறைஞ்சுதா? இல்லவே இல்ல. பிரீமியர் லீக்ல 2010களோட நடுவுல இருந்து, கொரோனா காலத்தைக் கழிச்சுப் பார்த்தா, நூத்துக்கு தொண்ணூத்தஞ்சு சீட்டுக்கு மேல நிரம்பிக்கிட்டுதான் இருக்கு.

"அப்புறம் என்னய்யா பிரச்சினை? கடைக்காரன் விலையை ஏத்துறான், சரக்கும் வித்துத் தீருது"ன்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

தரை டிக்கெட் போன கதை

நம்ம ஊர் டூரிங் டாக்கீஸ்ல தரை டிக்கெட் இருந்துச்சே... மணலைக் குமிச்சு மேடாக்கி அது மேல உக்காந்து படம் பார்ப்பாங்களே, ஞாபகம் இருக்கா? இங்கிலாந்துல கோல் போஸ்டுக்குப் பின்னாடி இருந்த, நின்னு பாக்குற கேலரிதான் அந்தத் தரை டிக்கெட். சீட்டு கிடையாது, நம்பர் கிடையாது. துறைமுகத்துல மூட்டை தூக்குறவர், மில்லுல வேலை பாக்குறவர், ஸ்கூல் பசங்கன்னு முண்டியடிச்சு நிப்பாங்க. பாட்டும் கத்தலும் அங்கருந்துதான் கிளம்பும்.

1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டுல ஹில்ஸ்பரோ மைதானம். லிவர்பூல் ரசிகர்கள் நின்ன கேலரியில நெரிசல். 97 உயிர் போச்சு. அதுல கடைசி ஆள் காயத்தோடவே முப்பது வருஷத்துக்கு மேல வாழ்ந்து 2021 இல் இறந்தார். ரசிகர்கள் மேல எந்தத் தப்பும் இல்லைன்னு ஜூரி சொல்ல 2016 வரைக்கும் ஆச்சு. அது தனிப் பதிவா எழுத வேண்டிய சோகம்.

இந்த விபத்தை விசாரிச்ச நீதிபதி டெய்லர், 1990 இல் கொடுத்த அறிக்கையில பெரிய மைதானங்கள் எல்லாத்துலயும் எல்லாருக்கும் சீட்டு போடணும்னு சொன்னார். ஆனா அதோட நிறுத்தல. நின்னு பாக்குறவங்க கையில இருக்குற காசுக்குள்ளேயே சீட்டு விலையை வெக்க முடியும்னும் சொன்னார். கிளாஸ்கோ ஐப்ராக்ஸ் மைதானத்துல நிக்க 4 பவுண்டு, உக்கார 6 பவுண்டுதான்னு உதாரணமும் காட்டினார். கிளப்காரங்க முதல் பாதியை எடுத்துக்கிட்டாங்க, ரெண்டாவது பாதியை மறந்துட்டாங்க. 1992 இல் பிரீமியர் லீக் வந்துச்சு, சாட்டிலைட் டிவி காசு வந்துச்சு. லிவர்பூலோட புகழ் பெற்ற கோப் கேலரியில கடைசியா நின்னு பார்த்த ஆட்டம் 1994 ஏப்ரல் 30. அப்புறம் எல்லா இடத்துலயும் சீட்டு வந்துச்சு, சீட்டோட விலையும் வந்துச்சு.

ஆள் குறையல, ஆள் மாறிட்டாங்க

விலை ஏறியும் ஏன் நிரம்புது? சிம்பிள். தக்காளி விலை ஏறினா புளிக்கு மாறலாம். அப்பனும் தாத்தனும் கத்தின டீமை விட்டுட்டு பக்கத்து ஊர் டீமுக்கு எவன் மாறுவான்? கிளப் ஒண்ணுதான், சீட்டும் எண்ணி வெச்ச மாதிரி இருக்கு, கேக்குற ஆளோ உலகம் பூரா. ஒருத்தர் விலை கட்டுப்படியாகலன்னு எழுந்தா அந்த இடத்துல உக்கார நாலு பேர் ரெடி.

அந்த நாலு பேர்ல நம்மாளும் உண்டு. சென்னையிலிருந்து என் மச்சான் வந்திருந்தப்ப, "இவ்வளவு தூரம் வந்துட்டு ஒரு மேட்ச் பாக்காமப் போறதா"ன்னு ஒத்தைக் கால்ல நின்னார். சாப்பாட்டோட சேர்ந்த பேக்கேஜ் டிக்கெட் எடுத்தோம். மச்சானுக்கு வாழ்நாள் சந்தோஷம், அதுல எனக்கும் சந்தோஷம். ஆனா ஒண்ணு கவனிச்சேன். எங்களைச் சுத்தி இருந்தவங்கள்ல பாதிப் பேர் ஆட்டத்தை மொபைல்ல படம் பிடிச்சுட்டு இருந்தாங்க. சின்ன பாட்டு கூட அந்தப் பக்கம் எழும்பல. எழும்பியிருந்தாலும் எங்களுக்கு வரி தெரியாது :-)

மான்செஸ்டர் யுனைடெட் கேப்டனா இருந்த ராய் கீன் இதை 2000 நவம்பர்லயே சொல்லிட்டார். சொந்த மைதானத்துல சத்தமே இல்லையேன்னு கடுப்பாகி, சில பேர் ரெண்டு பெக் போட்டுட்டு இறால் சாண்ட்விச் சாப்பிட வர்றாங்க, உள்ள என்ன நடக்குதுன்னே அவங்களுக்குத் தெரியலன்னு போட்டுத் தாக்கினார். அன்னிலருந்து இங்க 'இறால் சாண்ட்விச் கோஷ்டி'ன்னு சொன்னா எல்லாருக்கும் புரியும். (இறால் தொக்கா இருந்தா நானே போயிருப்பேன்.)

எங்க ஆபீஸ்ல ஒரு பெரியவர் இருந்தார். இப்ப ரிட்டயர் ஆயிட்டார். பேரும் வேண்டாம், அவர் கிளப் பேரும் வேண்டாம். அவரை ஏழு வயசுல அவங்க அப்பா தோள்ல தூக்கிட்டுப் போனாராம். கொஞ்சம் வளர்ந்ததும் பாக்கெட் மணியிலேயே சிநேகிதப் பசங்களோட தனியாப் போக ஆரம்பிச்சிருக்கார். அவருக்கு ரெண்டு பசங்க பொறந்து, கூட்டிட்டுப் போற வயசு வந்தப்ப கணக்குப் போட்டுப் பார்த்தார். மூணு டிக்கெட், பஸ், ஆளுக்கொரு இறைச்சி பை. ஒரு சனிக்கிழமைக்கு 100 பவுண்டு தாண்டுது. வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டுன்னு ஆகி, அப்புறம் அதுவும் நின்னு போச்சு.

"எனக்கு வருத்தம் நான் போகாதது இல்லப்பா. நான் பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்துட்டேன். என் பேரனும் எங்க டீம் ரசிகன்தான். ஆனா மைதானத்துப் புல் எப்படி மணக்கும்னு அவனுக்குத் தெரியாது"ன்னார் ஒரு நாள்.

அவரோட சீட்டு இன்னிக்கும் காலியா இருக்காது, யாரோ உக்காந்திருப்பாங்க. அதனால எந்தக் கணக்குப் புத்தகத்துலயும் அந்தக் குடும்பம் 'குறைஞ்ச கூட்டம்'னு பதிவாகாது. இந்த விஷயத்துல என்னை உறுத்துறது இதுதான்.

எழுந்து போனவங்க

ரசிகர்கள் சும்மா இருந்தாங்கன்னு நினைக்காதீங்க. 2013 ஜனவரியில ஆர்சனல் மைதானத்துக்குப் போக மான்செஸ்டர் சிட்டி ரசிகர்களுக்கு 3,000 டிக்கெட் ஒதுக்கினாங்க, ஒண்ணு 62 பவுண்டு. 912 டிக்கெட் விக்காமத் திரும்பி வந்துச்சு. சிட்டி அப்ப லீக் சாம்பியன்ங்கிறதை மறந்துடாதீங்க.

அடுத்தது 2016 பிப்ரவரி 6, லிவர்பூல். புதுசாக் கட்டுற கேலரியில உச்ச விலை 77 பவுண்டுன்னு நிர்வாகம் அறிவிச்சுது. சண்டர்லேண்டோட ஆட்டம். லிவர்பூல் 2-0ன்னு ஜெயிச்சுட்டு இருக்கு. சரியா 77ஆவது நிமிஷம், சுமார் 10,000 பேர் எழுந்து வெளிய நடந்துட்டாங்க. மிச்ச நேரத்துல சண்டர்லேண்ட் ரெண்டு கோல் போட்டு 2-2ன்னு முடிச்சது! நாலு நாள்ல முதலாளிங்க மன்னிப்புக் கேட்டு, விலையை 59 பவுண்டுலயே நிறுத்தி வெச்சாங்க.

அதே வாரம் ஜெர்மனியில டார்ட்மண்ட் ரசிகர்கள், ஸ்டுட்கார்ட்ல டிக்கெட் விலை ஜாஸ்தின்னு ஆட்டம் ஆரம்பிச்சு 20 நிமிஷம் கழிச்சு உள்ள வந்து, மைதானத்துல டென்னிஸ் பந்தா வீசினாங்க. அவங்க ஊர்ப் பேச்சுல 'பெரிய டென்னிஸ்'னா பிரமாதம்னு அர்த்தம். இவ்வளவு காசு வாங்குறீங்களே, பிரமாதம்யான்னு ஒரு குத்தல்.

இதெல்லாம் சேர்ந்துதான் 2016-17 சீசன்லருந்து வெளியூர் ரசிகர்களுக்கு டிக்கெட் 30 பவுண்டுக்கு மேல போகக் கூடாதுன்னு பிரீமியர் லீக் உச்சவரம்பு வெச்சுது. 2025 இல் அதை இன்னும் ரெண்டு சீசனுக்கு நீட்டினாங்க. ஆனா உள்ளூர்க்காரனுக்கு அப்படி ஒரு வரம்பு கொண்டு வரல. 2024 நவம்பர்ல மான்செஸ்டர் யுனைடெட், சீசன் நடுவுல மிச்சம் இருந்த டிக்கெட்டை எல்லாம் 66 பவுண்டுன்னு ஆக்குச்சு. சின்னப் பசங்களுக்கும் அதே விலை, வயசானவங்களுக்கும் அதே விலை. அதுக்கு முன்னாடி பசங்களுக்கு 25 பவுண்டுல டிக்கெட் கிடைச்சுட்டு இருந்துச்சு.

இத்தனைக்கும் டிக்கெட் காசு இல்லாட்டி கிளப் மூழ்கிடுமா? 2016லருந்து மூணு சீசனுக்கு உள்நாட்டு டிவி உரிமை மட்டுமே 500 கோடி பவுண்டுக்கு மேல போச்சு. பேயர்ன் மியூனிக் தலைவரா இருந்த ஊலி ஹோனஸ் 2010கள் தொடக்கத்துல சொன்ன கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவங்க சீசன் டிக்கெட்ல மலிவானது சுமார் 104 பவுண்டு. ஒரு ஆட்டத்துக்கு இல்ல, வருஷம் பூராவுக்கும். அதை 300 ஆக்கினா கூட 20 லட்சம் பவுண்டு வரும். ஒரு ஆட்டக்காரனை வாங்கும்போது அந்தத் தொகைக்கு அஞ்சு நிமிஷம் பேரம் பேசுவோம், ஆனா ரசிகனுக்கு 104க்கும் 300க்கும் உள்ள வித்தியாசம் ரொம்பப் பெருசு. அவங்க என்ன பால் கறக்குற மாடான்னு கேட்டார். டார்ட்மண்ட்ல இன்னும் சுமார் 25,000 பேர் ஒரே கேலரியில நின்னு பாக்குறாங்க. 2010கள் முழுக்க ஜெர்மன் லீக்கோட சராசரிக் கூட்டம் 40,000க்கு மேல, இங்கிலாந்தை விட ஜாஸ்தி.

சத்தத்துக்கு என்ன விலை?

2020 ஜூன்ல காலி மைதானத்துல ஆட்டம் திரும்ப ஆரம்பிச்சப்ப டிவிக்காரங்க என்ன பண்ணாங்க? வீடியோ கேம்ல இருந்த கூட்டச் சத்தத்தை எடுத்துப் போட்டு ஓட்டினாங்க! சத்தம் இல்லாத ஃபுட்பாலை ரொம்ப நேரம் பாக்க முடியலீங்க. அடுத்த சீசன் (2020-21) கிட்டத்தட்ட முழுக்கக் கூட்டம் இல்லாம நடந்துச்சு. சொந்த ஊர் டீம் ஜெயிச்சது 144, வெளியூர் டீம் ஜெயிச்சது 153. இங்கிலாந்தோட முதல் டிவிஷன் வரலாற்றுலயே அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. ஆக, கேலரியில கத்துறவன் வெறும் வாடிக்கையாளர் இல்ல. டிவியில வித்துக் கோடி பாக்குற சரக்குல பாதி அவன் தயாரிக்கிறது. அவன்கிட்டயே காசையும் வாங்கிட்டு வெளியவும் தள்றோம்.

கோயம்பேட்டு விதி ஃபுட்பால்ல பலிச்சும் பார்த்திருக்கேன். 2025 இல் அமெரிக்காவுல கிளப் உலகக் கோப்பை நடந்துச்சு. விமான டிக்கெட் மாதிரி ஏறி இறங்குற விலை. அட்லாண்டாவுல செல்சி ஆடின முதல் ஆட்டத்துக்கு, 70,000 பேருக்கு மேல கொள்ளுற மைதானத்துல வந்தவங்க 22,000 சொச்சம். செல்சி - ஃப்ளுமினென்ஸ் அரையிறுதிக்கு 473.90 டாலர் இருந்த டிக்கெட்டைக் கடைசியில 13.40 டாலருக்குக் கூவி வித்தாங்க. பந்தபாசம் இல்லாத ஊர்ல விலையைப் பார்த்ததும் ஜனங்க வீட்டுலயே இருந்துட்டாங்க. பாசம் இருக்குற ஊர்ல கடன் வாங்கியாவது வர்றான். அந்தப் பாசத்துக்குத்தான் இங்க விலை போடுறாங்க.

என் பொண்ணுக்கு இப்ப ஒம்பது வயசு. மேட்ச் பாக்கணும்னு நச்சரிப்பு. பெரிய கிளப்புல முதல்ல மெம்பர் ஆகணும், அப்புறம் குலுக்கல், அப்புறம் விலை. நான் அவளை எங்க ஊர் கிளப்புக்குக் கூட்டிட்டுப் போனேன். ஏழாவது எட்டாவது படியில ஆடுற டீம். எனக்கு 12 பவுண்டு, அவளுக்கு இலவசம். மொத்தமே ஒரு முந்நூறு பேர். கம்பி வேலியில சாஞ்சு நின்னோம். "கீப்பர் அங்கிள், பின்னாடி பாருங்க!"ன்னு தமிழ்லயே கத்தினா. அவர் திரும்பிப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினார். அன்னிலருந்து அவ அந்த டீம் ரசிகை. சனிக்கிழமை ஆனா ஸ்கார்ஃபை மாட்டிட்டு வாசல்ல நிக்கிறா.

பெரிய கிளப்புக்கு இதனால ஒரு நஷ்டமும் இல்ல. இந்த வாரமும் அவங்களுக்கு ஹவுஸ்ஃபுல்தான். ஆனா மச்சான் மாதிரி ஒரு தடவை வந்து போறவங்க அடுத்த வருஷம் வேற ஏதாவது பாக்கப் போயிடுவாங்க. மழையிலயும் தோல்வியிலயும் வந்து நிக்கிறவன் ஏழு வயசுல அப்பா தோள்ல உக்காந்துதான் உருவாகிறான். 66 பவுண்டுக்கு எத்தனை அப்பா தோள் குடுக்க முடியும்?

உங்க ஊர்ல எப்படி மக்களே? கொல்கத்தா, கேரளாவுல மேட்ச் பாக்குறவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க.

கொசுறு: பிராட்ஃபோர்டு சிட்டின்னு ஒரு கிளப். மூணாவது படியில ஆடிட்டு இருந்தப்ப, 2015-16க்கு சீசன் டிக்கெட் 149 பவுண்டுன்னு போட்டாங்க. 18,000 பேர் வாங்கிட்டாங்க. விலையை இறக்கினா என்ன ஆகும்னு கேக்குறவங்களுக்கு இது.