புது லப்டொப்பும் ஒரு பச்சைப் புள்ளியும்

பெட்டி உடைக்கும்போது நாங்கள் மூன்று பேர் இருந்தோம். நான், என் அறைத்தோழி, எங்கட பட்ச்சில் படிக்கிற மன்னார்ப் பொடியன் ஒருத்தன். மூன்று பேரும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மொடல் வாங்கினோம். "மூண்டு பேரா வந்தா ஆளுக்கு ஐயாயிரம் குறைச்சுத் தாறன் தங்கச்சி" என்று கடைக்கார அண்ணா சொன்ன ஒரு வார்த்தைதான் காரணம். 2023 செப்டெம்பர். குறைச்ச பிறகும் விலை 185,000 ரூபாய்.

அந்தக் காசு எங்கே இருந்து வந்தது என்றும் சொல்லத்தான் வேணும். என்ர அம்மா கிளிநொச்சியில் வீட்டில இருந்து தைக்கிறவ. இருபது பேர் சேர்ந்து மாதம் பத்தாயிரம் கட்டுகிற சீட்டு ஒன்றில் இருந்தா. மழைக்கு முதல் வீட்டுக் கூரையை மாற்றுவதற்கென்று வைத்திருந்த சீட்டு அது. ஆறாவது மாதமே கழிவு கூறி எடுத்து, காசைக் கையில தந்துவிட்டு, "கூரை இன்னுமொரு மாரிக்குத் தாங்கும்" என்றா. இன்னும் 14 மாதம் கட்ட இருந்தது.

முதல் வருடம் முழுக்க நான் போனில்தான் அசைன்மென்ட் செய்தேன். 2022 இன் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயளவில் நின்றது. மே மாதம் 360. லப்டொப் விலையெல்லாம் அதோடயே ஏறிப்போச்சு. பிறகு டொலர் கொஞ்சம் இறங்கினாலும் கடை விலை அந்தளவுக்கு இறங்கவில்லை. அதனால் அந்தப் பெட்டியைத் திறக்கும்போது எனக்குள் இருந்ததில் சந்தோசம் பாதி, பயம் பாதி.

முதல் மணித்தியாலம் என்னவோ கலியாண வீடுதான். சாம்பல் நிற உலோக மூடி, கையால் தடவினால் குளிர்ச்சி. போனின் சின்னத் திரையில் ஒரு வருடம் கண்ணைச் சுருக்கியவளுக்கு அந்தத் திரை முற்றத்தைத் திறந்துவிட்ட மாதிரி. போட்ட உடனே ஏறுது, கீபோர்ட் மெத்தென்று அமருது, பற்றரி ஆறு மணித்தியாலம் நிற்குது. மூன்று பேரும் மூன்று கட்டிலில் ஆளுக்கொரு மூலையில் இருந்து "உன்ரயில இது இருக்கா, என்ரயில இருக்கு" என்று கத்திக்கொண்டிருந்தோம்.

முதல் ஏமாற்றம் மூன்று பேருக்கும் பொது. பெட்டியில் 512 ஜிபி என்று போட்டிருக்கு. திறந்து பார்த்தால் 476. மன்னாரான் உடனே "முப்பத்தாறு ஜிபி அடிச்சிட்டாங்களடா" என்று துள்ளினான். ஒருவரும் அடிக்கவில்லை. தயாரிக்கிறவர்கள் ஒரு ஜிபி என்றால் நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1024 ஐ மூன்று தரம் பெருக்கி எண்ணுகிறது, அதாவது 107 கோடிக்கும் மேல். பொருள் ஒன்று, அளக்கிற கொத்து இரண்டு. புது லப்டொப் வாங்குகிற எல்லாரும் முதல் நாளில் படுகிற கவலை இது. படத் தேவையில்லை.

மற்றக் குறைகள் ஆளுக்கு ஒன்றாக வந்தன.

அறைத்தோழிக்கு வந்தது கூச்சம். சார்ஜில் போட்டு வைத்துக்கொண்டு உலோக மூடியைத் தடவினால் விரல் நுனியில் ஒரு மெல்லிய கூச்சம், எறும்பு ஊருகிற மாதிரி. சார்ஜரைக் கழற்றினால் இல்லை. அவள் பயந்துபோய் இரண்டு நாள் செருப்புப் போட்டுக்கொண்டு படித்தாள். பிறகு எங்கட டிப்பார்ட்மென்ட் அண்ணா ஒருவர் விளங்கப்படுத்தினார். சார்ஜருக்குள், மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக ஒரு சின்னக் கொள்ளளவி இருக்கும். அதினூடாக மிகச் சிறிய மின்னோட்டம் கசிந்து வரும். மூன்று பின் பிளக்கில் ஏர்த் ஒழுங்காக இருந்தால் அது நிலத்துக்குப் போய்விடும். ஏர்த் இல்லாவிட்டால் உங்கள் விரல்தான் அதற்குப் பாதை.

எங்கட அறையின் கதை இதில்தான் வருது. சார்ஜரோடு வந்தது சதுரப் பின் மூன்று கொண்ட 13 அம்பியர் பிளக். அறைச் சுவரில் இருப்பதோ பழைய காலத்து வட்டத் துளை. இரண்டுக்கும் நடுவில் சந்திக்கடையில் வாங்கின மலிவு அடப்டர் ஒன்று. அதில் ஏர்த் பின் பிளாஸ்டிக்! வடிவுக்குத்தான் இருக்கு. இரண்டு பின் சார்ஜரைச் செருக, ஏர்த் துளைக்குள் பேனையைக் குத்தித் திறக்கிற பழக்கமும் எங்களுக்கு உண்டு. அதையெல்லாம் விட்டுவிட்டு, லைப்ரரியில் ஒழுங்கான சொக்கற்றில் போட்டுப் பார்த்தோம். கூச்சம் காணாமல் போச்சு. குறை லப்டொப்பில் இல்லை, எங்கட சுவரில். (மெல்லிய கூச்சம் என்றால்தான் இந்தக் கதை. சுள்ளென்று அடித்தால் உடனே சுவிட்சை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.)

மன்னாரானுடையதில் மூடியைத் திறக்கும்போது வலப்பக்கப் பிணைச்சலில் "கிறீக்" என்று ஒரு சத்தம். சரியான இறுக்கம். ஒரு கையால் திறந்தால் கீழ்ப்பகுதியும் சேர்ந்து எழும்பும். "புதுசு எண்டா இறுக்கமாத்தான் இருக்கும், பாவிக்கப் பாவிக்க இளகும்" என்றான். நாங்களும் தலையாட்டினோம்.

எனக்கு வந்தது புள்ளி.

மூன்றாம் நாள் இரவு கரண்ட் போச்சு. அறை இருட்டு, திரையிலும் கறுப்புப் பின்னணி. அப்போதுதான் கண்டேன், வலப்பக்கம் மேலே ஒரு பச்சைப் புள்ளி. ஊசி முனையளவு. மின்மினிபோல என்று சொல்லலாம், ஆனால் மின்மினி என்றால் அணைந்து அணைந்து எரியும். இது அசையாமல் எரிந்தது. துடைத்தேன். போகவில்லை. திரும்பப் போட்டுப் பார்த்தேன். போகவில்லை.

அண்டைக்கு இரவு நான் படித்தது பாடமில்லை, திரைகளைப் பற்றித்தான். 1920 க்கு 1080 என்றால் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று. மொத்தம் 62 இலட்சத்துக்கும் மேல். ஒவ்வொன்றையும் திறந்து மூட ஒரு நுண்ணிய டிரான்சிஸ்டர். அதில் ஒன்று பிசகினால் அந்த நிறம் எப்போதும் எரிந்தபடி நிற்கும், அல்லது எப்போதும் அணைந்தபடி நிற்கும். இதற்குச் சர்வதேச நியமமே இருக்கு. 2001 இல் வந்த ஐஎஸ்ஓ 13406-2 திரைகளைத் தரம் பிரித்தது. பொதுவாகப் பாவிக்கப்பட்ட இரண்டாம் தரத்தில், பத்து இலட்சம் புள்ளிக்கு எப்போதும் எரிகிறது இரண்டு, எப்போதும் அணைந்தது இரண்டு, என்னுடையதைப் போல ஒரு நிறம் மட்டும் பிசகினது ஐந்து வரை இருக்கலாம். 2008 இல் ஐஎஸ்ஓ 9241-307 அதன் இடத்துக்கு வந்தது. சுருக்கமாகச் சொன்னால், என்ர பச்சைப் புள்ளி உலகம் ஏற்றுக்கொண்ட குறை.

அடுத்த நாள் கடைக்குப் போனேன். அண்ணா நல்ல மனிசன், ஏசவில்லை. திரையை வடிவாகப் பார்த்தார். "இது ஒண்டுக்குக் கொம்பனி மாத்தித் தராது தங்கச்சி. இன்னும் கூட வந்தாக் கொண்டுவாங்கோ" என்றார். அது எனக்கு முதலே தெரியும். ஆனாலும் ஒரு காரியம் செய்தேன். "அப்ப இந்தப் பில்லிலயே, இண்டைக்குக் கொண்டுவந்து காட்டினது எண்டு எழுதித் தாங்கோ அண்ணா" என்றேன். சிரித்துக்கொண்டே எழுதி, திகதியும் போட்டு, சீல் குத்தித் தந்தார். ஏன் கேட்டேன் என்று இன்றுவரை எனக்கு வடிவாகத் தெரியாது. சீட்டுக்காரம்மா கொப்பியில் எழுதாமல் காசு வாங்கமாட்டா. அதைப் பார்த்து வளர்ந்த பழக்கமாக இருக்கலாம்.

அந்தக் கிழமை லப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஏ9 வீதிக் குலுக்கலுக்கு இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா தையல் மெசினை நிறுத்திவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தா. "போட்டுக் காட்டு பிள்ளை." போட்டேன். திரை ஏறுவதற்கு முதல் இரண்டு செக்கன் கறுப்பாக நிற்கும். அந்த இரண்டு செக்கன் போதும் அவவுக்கு. முப்பது வருசமாக ஊசியில் நூல் கோர்க்கிற கண். சேலைத் தலைப்பை விரலில் சுற்றி, அந்தப் புள்ளி இருந்த இடத்தை மெதுவாகத் துடைத்தா. எனக்கு நெஞ்சு திக்கென்றது.

"தூசியம்மா" என்றேன். அதற்குள் திரை வெளிச்சமாகி, புள்ளி மறைந்துவிட்டது. "ம், போட்டுது" என்றா.

பதினான்கு மாதம் அவ சீட்டுக் கட்டி முடிக்குமட்டும் அந்தத் தூசி எனக்குள் கிடந்தது. ஒரு பச்சைப் புள்ளியால் என்ன நட்டம்? படிப்புக் குறையவில்லை, வேலை நிற்கவில்லை. ஆனால் மாதம் பத்தாம் திகதி வந்தால் அவ பத்தாயிரம் எண்ணிக் குடுப்பா, நான் இருட்டில் அந்தப் புள்ளியைப் பார்ப்பேன். மாரியில் கூரை ஒழுகின நாள் "வாளி வச்சிருக்கிறன், ஒண்டுமில்லை" என்று போனில் சொன்னா. அண்டைக்குச் சொல்லுவம் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

இதற்கிடையில் கிறீக் சத்தத்தின் கதை முடிந்தது. 2024 கடைசியில், மன்னாரான் லெக்சர் ஹோலில் மூடியைத் திறக்க, சடக்கென்று ஒரு சத்தம். வலப்பக்க மூலை பிளந்து உள்ளே இருந்த வயர் தெரிந்தது. உலோகப் பிணைச்சலின் ஆணி போய்ப் பூட்டுகிறது பிளாஸ்டிக்குள் பதித்த சின்னப் பித்தளைத் துண்டில். பிணைச்சல் அளவுக்கு மிஞ்சி இறுக்கமாக இருந்தால், திறக்கிற ஒவ்வொரு முறையும் அந்தத் துண்டு கொஞ்சம் கொஞ்சமாக இழுபட்டுக் கழரும். ஒரு மூலையில் பிடித்துத் திறந்தால் இன்னும் கெதியாக. வொரன்டி ஒரு வருசம். அது முடிந்து மூன்று மாதம். கடையில் "பாவிச்ச விதத்தில உடைஞ்சது" என்றார்கள். "முதல் நாளே சத்தம் வந்தது அண்ணா" என்றான். "அப்ப ஏன் தம்பி அப்பவே கொண்டுவரேல்லை?" அதற்கு அவனிடம் பதிலில்லை. எங்களிடமும் இல்லை. தலையாட்டினது நாங்களும்தானே. திருத்த 18,000 ரூபாய் போச்சு. அவன்ர அப்பா கடலுக்குப் போறவர். அந்த மாதம் அவன் வீட்டுக்குப் போகவேயில்லை.

பிறகுதான் சட்டத்தைத் தேடிப் பார்த்தோம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் என்று ஒன்று இருக்கு. வாங்கின பொருளில் பிழை என்றால் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம், ஆனால் வாங்கி மூன்று மாதத்துக்குள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். கேட்டால் கடைக்காரர் பற்றுச்சீட்டுத் தரவேணும். இதெல்லாம் எங்களுக்கு ஒரு வருசம் பிந்தித்தான் தெரியவந்தது.

அதனால் புதுசாக லப்டொப் வாங்குகிற தம்பி தங்கைகளுக்குச் சொல்வது இவ்வளவுதான். முதல் கிழமையே இருட்டறையில் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று திரை முழுக்க ஒவ்வொரு நிறமாகப் போட்டுப் பாருங்கள். மூடியை நடுவில் பிடித்து மெதுவாகத் திறந்து, சத்தம் வருதா என்று கேளுங்கள். எல்லா எழுத்தையும் அடித்துப் பாருங்கள். கமராவையும் மைக்கையும் ஒருக்கால் போட்டுப் பாருங்கள். சார்ஜரை ஏர்த் உள்ள சொக்கற்றில் போடுங்கள். ஏதாவது கண்டால், எவ்வளவு சின்னதென்றாலும், போனில் வீடியோ எடுத்து, கடையில் காட்டி, திகதியோடு எழுதி வாங்குங்கள். எது சின்னக் குறை, எது பெரிய குறை என்று முதல் நாளில் எங்களுக்குத் தெரியாது. கத்தின புள்ளி கடைசிவரைக்கும் புள்ளியாகவே நிற்குது. பொறுத்துக்கொண்ட கிறீக் மூலையைப் பிளந்தது.

சீட்டு முடிந்த மாதம் வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். திரையைக் கறுப்பாக்கி, புள்ளியைக் காட்டி, "அண்டைக்குச் சொன்னது பொய்யம்மா, இது தூசியில்லை" என்றேன். அவ ஒரு சட்டைக்குப் பொத்தான் பிடித்துக்கொண்டு இருந்தா. நிமிர்ந்து பார்த்துவிட்டு, "கடையில காட்டினியோ?" என்று மட்டும் கேட்டா.

"காட்டினனான். எழுதியும் வாங்கினனான்."

"அது காணும். நான் தைக்கிறதிலயும்தான் எங்கையாவது ஒரு தையல் விடும். கொண்டுவந்து காட்டினா, காசு வாங்காமத் தச்சுக் குடுப்பன். காட்டாமப் போறவைக்கு நான் என்ன செய்ய?" என்றுவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தா. கொஞ்ச நேரம் கழித்து, "எனக்குச் சொல்லியிருக்கலாம்" என்றா. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

இதையும் அந்தத் திரையில்தான் எழுதுகிறேன். வலப்பக்கம் மேலே அது இருக்கு. கூரை இன்னும் மாற்றவில்லை. அடுத்த சீட்டில் அம்மாவோடு நானும் அரைப்பங்கு சேர்ந்திருக்கிறேன்.