255 என்றால் சிவப்பு. யாருக்கு?

நண்பர்களே, ஒரு சின்னக் கேள்வி. 255 என்ற எண்ணைப் பார்த்ததும் உங்களுக்கு என்ன தோணுது? பஸ் நம்பரா? ஹாஸ்டல் ரூம் நம்பரா? எம்ஐஆர்சி-யில் ஸ்கிரிப்ட் எழுதுறவங்களைக் கேட்டுப் பாருங்க. "சிவப்பு"ன்னு சொல்லுவாங்க.

"ஐஆர்சி எல்லாம் இன்னும் இருக்கா?"ன்னு நீங்க சிரிக்கிறது எனக்குக் கேக்குது. ஐஆர்சி 1988-ல் பின்லாந்தில் பிறந்தது. அதுக்கான விண்டோஸ் சாட் மென்பொருளான எம்ஐஆர்சி 1995-ல் வந்தது. ரெண்டுமே நம்மை விட மூத்தவை. ஆனால் எங்க ஓப்பன் சோர்ஸ் கிளப்புக்கு இன்னமும் ஒரு ஐஆர்சி சேனல் உண்டு. சீனியர்கள் எழுதி வச்சிட்டுப் போன ஒரு பாட் அதில் உட்கார்ந்திருக்கு. யாராவது கோடு ஏத்தினால் டெஸ்ட் ஓட்டிப் பார்த்து, ப்ராஜெக்ட் பேரை ஒரே வரியில் போடும். பாஸ் ஆனால் பேர் பச்சையில் வரும், ஃபெயில் ஆனால் சிவப்பில் வரும். வேற ஒரு வார்த்தையும் இருக்காது.

இந்தப் பச்சையும் சிவப்பும் உள்ளே எப்படி வேலை செய்யுதுன்னு முதலில் பார்த்துடுவோம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தலா 0 முதல் 255 வரை அளவு. 256-ஐ மூன்று முறை பெருக்கினால் 1 கோடியே 67 லட்சத்து 77 ஆயிரத்து 216 நிறங்கள். எம்ஐஆர்சி-யில் ஆர்ஜிபி என்ற கட்டளைக்கு மூன்று அளவையும் கொடுத்தால், அது ஒரே எண்ணாக மாத்தித் தரும். கணக்கு ரொம்ப எளிது: சிவப்பை அப்படியே எடுத்துக்கணும், பச்சையை 256-ஆல் பெருக்கணும், நீலத்தை 65536-ஆல் பெருக்கணும், மூன்றையும் கூட்டணும். அதனால்தான் முழுச் சிவப்பு வெறும் 255. முழு நீலம் 16711680.

வெப் டிசைன் பழகினவங்க இங்கே கொஞ்சம் கவனமா இருக்கணும். அங்கே சிவப்பை முன்னால் எழுதுவோம். அந்த வரிசையில் ஒரே எண்ணாக்கினால் சிவப்புதான் 16711680. அதையே எம்ஐஆர்சி-க்குக் கொடுத்தால் திரையில் நீலம் வந்து நிற்கும். விண்டோஸ் தன் நிற எண்ணில் சிவப்பைக் கடைசி பைட்டில் வைப்பதுதான் காரணம். எண் ஒன்றுதான், அதைப் படிக்கிற முறைதான் வேற.

இதை விட முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. நீங்க சேனலில் சிவப்பில் ஒரு வரி அனுப்பினால், 255 என்ற எண் கம்பி வழியா போகிறதே இல்லை. போகிறது ஒரு கட்டுப்பாட்டுக் குறியும், பக்கத்தில் 4 என்ற இலக்கமும்தான். பழைய நிறத்தட்டில் 0 முதல் 15 வரை 16 நிறங்கள். 4 என்றால் சிவப்பு, 3 என்றால் பச்சை. அந்த 4 திரையில் எந்த நிறமா தெரியணும்னு முடிவு பண்றது அனுப்பினவர் இல்லை, பெறுகிறவரோட கம்ப்யூட்டர். அங்கே 4-க்கு எந்த ஆர்ஜிபி அளவு வச்சிருக்கோ, அதுதான் நிறம்.

இதன் அருமை எனக்குப் புரிஞ்சது என் நண்பன் ஒருத்தனால். டிப்ளமோ முடிச்சு, லேட்டரல் என்ட்ரியில் ரெண்டாம் வருஷம் எங்க கிளாஸுக்கு வந்தவன். அதுக்கு முன்னாடி ரயில்வே உதவி லோகோ பைலட் தேர்வு எழுதி, அதில் தேறியும் இருக்கான். மருத்துவப் பரிசோதனையில் புள்ளிகளுக்கு நடுவே எண் ஒளிஞ்சிருக்கும் அட்டையைக் காட்டியிருக்காங்க. ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917-ல் வெளியிட்ட சோதனை அது. இவன் கண்ணுக்கு வெறும் புள்ளிகள்தான் தெரிஞ்சிருக்கு. சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு தனக்கு இருப்பதே அன்னிக்குத்தான் அவனுக்குத் தெரியும். வேலை போச்சு. சிக்னலைப் பார்த்து ரயில் ஓட்டுற வேலைக்கு அந்த விதி தேவைதான்னு அவனே சொல்லுவான். ஆனால் அதைச் சொல்லும்போது நம்ம முகத்தைப் பார்க்க மாட்டான்.

இதெல்லாம் ஒரு நாள் சாயங்காலம் லேபில்தான் எனக்குத் தெரிய வந்தது. "பாட் என்னடா சொல்லுது, சிவப்பா பச்சையா?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தான்.

"தெரியலைடா. ரெண்டும் எனக்கு ஒரே மாதிரிதான் இருக்கு. ஒவ்வொரு தடவையும் சர்வருக்குள்ள போய் லாக் பாத்துதான் தெரிஞ்சுக்கிறேன்."

"ஒரு செமஸ்டரா இப்படியா பண்றே? ஏன்டா சொல்லல?"

"சொன்னா, இது என்ன கலரு, அது என்ன கலருன்னு ஆளாளுக்கு டெஸ்ட் வைக்க ஆரம்பிச்சிடுவீங்க."

எனக்குப் பதில் வரலை. அவன் சொன்னது அப்படியே உண்மை.

அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு நிறம் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சமா தெரியும்னு கணிக்க, பழைய டிவி தொழில்நுட்பத்தில் ஒரு வாய்ப்பாடு உண்டு: சிவப்பை 0.299-ஆலும், பச்சையை 0.587-ஆலும், நீலத்தை 0.114-ஆலும் பெருக்கிக் கூட்டணும். எம்ஐஆர்சி-யின் சிவப்பு 255, 0, 0. அதன் வெளிச்சம் 76. பச்சை 0, 147, 0. அதன் வெளிச்சம் 86. பார்த்தீங்களா? 255 அளவுள்ள ஏணியில் ரெண்டும் பக்கத்துப் பக்கத்துப் படியில் நிக்குது. நமக்கு நிறம் பிரிச்சுக் காட்டுது. நிறம் பிரியாத கண்ணுக்கு வெளிச்சமும் கைகொடுக்கலை.

நிறக்குறைபாடு உள்ளவங்களும் பிரிச்சறியும்படி, மசதக்கா ஒகாபே, கெய் இதோ என்ற ரெண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு நிறத்தொகுதியைத் தேர்ந்து கொடுத்திருக்காங்க. அதிலிருந்து ரெண்டை எடுத்தோம். ஃபெயிலுக்கு ஆரஞ்சு கலந்த சிவப்பு: 213, 94, 0. எம்ஐஆர்சி எண்ணில் 24277. பாஸுக்கு நீலம்: 0, 114, 178. எண்ணில் 11694592. வெளிச்சக் கணக்கில் ஒண்ணு 119, இன்னொண்ணு 87. அவன் கம்ப்யூட்டரில் 4-க்கும் 3-க்கும் இந்த அளவுகளைக் கொடுத்தோம். ரெண்டே வரி. பாட்டைத் தொடலை, மத்தவங்க திரையில் எதுவும் மாறலை. அடுத்த டெஸ்ட் வந்தப்போ, "ஃபெயிலுடா!"ன்னு கத்தினான். ஃபெயில் ஆனதுக்கு ஒருத்தன் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

பிறகு கிளப் மீட்டிங்கில், பாட் போடுற வரியிலேயே "பாஸ்", "ஃபெயில்"னு வார்த்தையும் சேர்க்கலாம்னு சொன்னேன். அவன் பேரை எடுக்கவே இல்லை. "நிறம்தான் இருக்கே, எதுக்கு?"ன்னு ஒரு குரல் வந்தது. நிறக் குறியையே தடுத்து வச்சிருக்கிற சேனல்கள் உண்டு. லாகை வெறும் டெக்ஸ்ட்டா சேமிச்சா நிறம் போயிடும். பிரிண்ட் எடுத்தாலும் கறுப்பு வெள்ளைதான். அங்கெல்லாம் நம்ம எல்லாருமே நிறம் தெரியாதவங்கதான். இதைச் சொன்னதும் யாரும் மறுக்கலை. மாத்திட்டோம்.

ரோட்டு சிக்னலைக் கவனிச்சுப் பாருங்க. சிவப்பு மேலே, பச்சை கீழே. நிறம் பிரியாதவங்களும் இடத்தை வச்சுத் தெரிஞ்சுக்கலாம். நம்ம ரெசிஸ்டர்ல அந்த வசதி இல்லை. பட்டையின் நிறம்தான் எண். அதனால் என் நண்பன் லேபில் ஒவ்வொரு ரெசிஸ்டரையும் மல்டிமீட்டரில் அளந்துதான் எடுப்பான். அவன் ஏன் மெதுவா செய்றான்னு எரிச்சல்படுறவங்களுக்குக் காரணம் தெரியாது.

அதனால் உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ஸ்கிரிப்டோ, ப்ராஜெக்ட் கிராஃபோ, செமினார் ஸ்லைடோ போடும்போது, நிறத்தை எடுத்துட்டாலும் விஷயம் புரியுமான்னு ஒரு முறை பாருங்க. புரியலைன்னா ஒரு வார்த்தையோ ஒரு குறியோ சேருங்க. அஞ்சு நிமிஷம் கூட ஆகாது. உங்க கிளாஸில் யாருக்கு அது தேவைன்னு தேடிக் கண்டுபிடிக்க வேண்டாம். அவங்க வாய் திறந்து சொல்ல வேண்டிய அவசியமே வராமல் பார்த்துக்கிட்டா போதும்.